முதற்சோதனை யாரிடம்?



ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் உழைப்போர் ஓர் ஒழுங்கை நன்கறிவார்கள். சிறு திருகாணியாயினும், அளவு பார்த்துச் சரியென்று முத்திரை பெறாமல் அது வாயிலைத் தாண்டலாகாது. இரும்புக்குக் காட்டும் இக்கவனத்தை, நம் பிள்ளைகளின் உடலில் புகும் இரசாயனப் பொருள்களுக்கு உலகம் காட்டியதா என்பதே இம்மாதச் சிந்தனை.

நம் உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களே, குழந்தை வளர்வதையும், சிறுவன் வாலிபனாவதையும், சிறுமி பூப்பெய்துவதையும், பின்னர் அவள் தாய்மையடைவதையும் நெறிப்படுத்துகின்றன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இவையே நற்சான்று. ஒவ்வொரு ஹார்மோனும் தனக்குரிய பூட்டைத் திறக்கும் சாவி போன்றது. செயற்கை இரசாயனங்கள் சில கள்ளச்சாவியாக அப்பூட்டினுள் நுழைகின்றன. வேறு சில பூட்டை அடைத்துக்கொண்டு உண்மைச் சாவியைத் தடுக்கின்றன. உடனே காய்ச்சலோ வாந்தியோ வருவதில்லை. ஆகவே தீங்கு நேர்ந்ததே பல ஆண்டுகள் தெரியாமற் போகக்கூடும்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே முந்திரித் தோட்டங்களின்மீது எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிக்கொல்லியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து தெளித்தார்கள். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழிற்சுகாதார நிறுவனத்தார், மலையடிவாரக் கிராமமொன்றின் பள்ளிச் சிறுவர் 117 பேரையும், மருந்து தெளிக்கப்படாத பகுதிச் சிறுவர் 90 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அந்நஞ்சு சிறுவர்களின் பருவ வளர்ச்சியைத் தாமதப்படுத்தி, ஹார்மோன் சுரப்பிலும் குறுக்கிட்டிருக்கலாம் என்னும் அவர்களது முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. தடை வந்தது நன்றே. ஆனால் சோதனை யாருடைய உடலில் நடந்தது?

இக்கேள்வியை முன்கூட்டியே ஆய்வுக்கூடத்தில் கேட்பதற்கென்றே சில சோதனைகள் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்கா 1996-இல் இதற்குச் சட்டம் இயற்றியது. அங்கு வகுத்த முதற்படியில் பதினொரு சோதனைகள் உண்டு. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களில் அப்பொருள் ஹார்மோனின் பூட்டைத் திறக்கிறதா? அதனை உட்கொண்ட பெண் எலியின் கருப்பை எடை கூடுகிறதா? அது கலந்த நீரில் வளரும் தலைப்பிரட்டை உரிய காலத்தில் தவளையாகிறதா? இவ்வாறு சலித்தெடுப்பதால் ஐயத்திற்குரியவை தனியே பிரிகின்றன. எந்த அளவில் எத்தகைய கேடு விளையும் என்பதை இரண்டாம் படிச் சோதனைகள் ஆராய்கின்றன. எனினும், சட்டம் பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2009-இல்தான் முதல் சோதனை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன.

சோதித்தால் மட்டும் போதாது. முடிவுக்குச் செவிசாய்க்கவும் வேண்டும். பிஸ்பீனால்-ஏ என்னும் பொருள் பெண்மை ஹார்மோனைப் போலச் செயற்படுவதை, இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞர் 1936-லேயே எலிகளில் கண்டறிந்தார். பின்னாளில் அதே பொருளைக் கொண்டு பாலிகார்பனேட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கைச் செய்து, அதில் குழந்தைகளின் பால் புட்டிகளையும் வார்த்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் பால் புட்டிகளில் இப்பொருள் கூடாதென விதித்தது 2015-இல்! எழுபத்தொன்பது ஆண்டுகள் கடந்தன. அதற்கு மாற்றாக வந்த பிஸ்பீனால்-எஸ் என்பதும் ஹார்மோன் போலச் செயற்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு பெயரை நீக்கிய முத்திரையைக் கண்டு மட்டும் நாம் அமைதியடைந்துவிடலாகாது.

அச்சம் வேண்டாம், விழிப்பு வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே முதன்மை. இயலாத போது, நம் பாட்டிமார் கையாண்ட சங்கோ பாலாடையோ இருக்கிறது. கொதிக்கும் பாலையும் குழம்பையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். வெயிலில் காய்ந்த தண்ணீர்க் கேன்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட், பிசின், தின்னர் கையாளும் சகோதரர்கள், கைகழுவி உடைமாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள்.

இவை வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை. காற்றிலும் நீரிலும் கலந்து வருவதை எந்தத் தாயும் தனியே தடுக்க இயலாது. ஆகவே, புதிய பொருள் சந்தைக்கு வருமுன் சோதிக்கப்பட்டதா என்று வினவும் உரிமை நமக்குண்டு. திருகாணியைச் சோதித்து அனுப்பும் ஆவடி மக்கள் இக்கேள்வியைக் கேட்கத் தயங்கலாமா?