ஷட்டரின் நடுவே ஒரு கொண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைவாசலுக்குக் காட்டும் சிரத்தையில் பாதியைக்கூட நாம் வாகனக் கொட்டகைக் கதவுக்குக் காட்டுவதில்லை என்று தங்கள் இதழின் கட்டுரை கூறியது முற்றிலும் சத்தியம். சென்ற ஆண்டு ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாங்கள் குடும்பத்தோடு இருக்கன்குடி சென்று திரும்புவதற்குள், ஷட்டரின் இரு ஓரங்களிலும் இட்ட பூட்டுகள் பூட்டியபடியே இருக்க, நடுப்பாகத்தை மட்டும் கடப்பாரையால் நெம்பி வில்லைப்போல் வளைத்து உள்நுழைந்த திருடர்கள், அங்கிருந்து வீட்டுக்குள் செல்லும் மெல்லிய பலகைக் கதவையும் பெயர்த்து, என் மகளின் சீருக்கென்று சேர்த்திருந்த பித்தளைப் பாத்திரங்களைக் கொண்டுபோய்விட்டனர். பூட்டின்மேல் தோஷமில்லை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளே அவை, இன்றும் பழுதின்றி இருக்கின்றன. அகலமான ஷட்டரை ஓரங்களில் மட்டும் பிடித்து நிறுத்தினால் நடுவே இளகுவது இயற்கையன்றோ!

ஆகவே, ஷட்டர் பொருத்தும் பட்டறைக்காரர்கள், வீட்டுக்காரர் கேளாமலேயே, தரைக் கான்கிரீட்டில் ஆழப் பதித்த கொண்டியொன்றை நடுவிலும் அமைத்துத் தர வேண்டுமென்றும், கொட்டகையின் உள்கதவைத் தலைவாசற் கதவின் கனத்திலேயே இடும்படி கொத்தனார்கள் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றும் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மல்லாங்கிணறு.