நலம் விசாரிக்க வரும் மலர்களும் வீட்டுப் பூனையும்

நோயுற்றவரைக் காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. பழமோ பூங்கொத்தோ கொண்டுவருகின்றனர். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் மருந்துப் பையுடன் அந்தப் பூங்கொத்தும் வண்டியேறுகிறது. வீட்டில் பூனை வளர்ப்போர் அதனை ஒருமுறை உற்றுநோக்க வேண்டுகிறோம். அதில் லில்லி மலர் இருந்தால், அது வீட்டுக்குள் செல்லவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாங்கள் குறிப்பிடுவது, ஆறு இதழ்கள் அகல விரிந்து, நடுவே பழுப்பு நிற மகரந்தம் தாங்கி நிற்கும் பெரிய லில்லியை. மனிதருக்கு அதனால் அத்தகைய கேடு நேர்வதில்லை. ஆகையால்தான் எவரும் ஐயுறுவதில்லை. பூனைக்கோ அது சிறுநீரகத்தையே அழிக்கும் நஞ்சு. இலை, தண்டு, இதழ், மகரந்தம் யாவும் நஞ்சே. பூச்சாடியின் தண்ணீரும் அவ்வாறே. பூனை மலரைத் தின்னவும் வேண்டியதில்லை. உரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே போதும். சில மணி நேரத்தில் வாந்தியும் சோர்வும் தோன்றும். இடையில் சற்றுத் தேறியதுபோலவும் தெரியலாம். அதனை நம்பிக் காத்திருத்தல் பெரும்பிழை. ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. முதல் 18 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் சேர்த்து, நரம்பு வழியே திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

மனிதரின் நோயைக் கவனிக்கவே பொழுது போதாதபோது பூனையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். தனித்து வாழும் முதியவர் பலருக்கு, இரவில் காலடியில் வந்து படுக்கும் அந்த உயிரே வீட்டின் துணை. நோயிலிருந்து மீளும் வேளையில் அத்துணையை இழப்பது சிறு துயரமன்று. அதுவும், அன்போடு வந்த மலரே அதற்குக் காரணம் என்று அறிவது இன்னும் கொடிது. மேலும், வீட்டார் மருத்துவமனையே கதியென்று இருக்கும் நாள்களில் பூனை எதைக் கடித்தது என்று பார்க்கவும் ஆளிருப்பதில்லை.

வீட்டுச் செடிகளையும் இவ்வகையில் நோக்குதல் நன்று. அரளி இதயத்தைத் தாக்கும். பூனைக்கு மட்டுமன்று, குழந்தைகளுக்கும் அது நஞ்சே. பூசைக்குப் பறித்த அரளிப்பூவைத் தரையில் சிதறவிடலாகாது. மணி பிளான்ட் உயிரைப் பறிப்பது அரிது. எனினும் கடித்த பூனையின் வாய் எரிந்து எச்சில் வடியும். இதற்காகப் பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. செடியை இடம் மாற்றினால் போதும்.

பூனை நச்சுச் செடியைக் கடித்தது தெரிந்தால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அதுவும் உயிர்க்கொல்லி. செடியின் ஒரு துண்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீடு திரும்புவோரிடம் உணவு, மருந்து, ஓய்வு பற்றியெல்லாம் எடுத்துரைக்கும் நாங்கள், வீட்டில் பூனை உண்டா என்று இதுவரை கேட்டதில்லை. இனி கேட்க வேண்டும். நலம் விசாரிக்க வருவோரும் பூ வாங்குமுன் அதனையே கேட்கட்டும். ரோஜா, ஜெர்பெரா, ஆர்க்கிட் ஆகியவை பூனைக்கு நஞ்சல்ல. அன்பைச் சொல்ல அவையே போதும்.