உப்பை வாசலில் நிறுத்தும் வேர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள், மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திராமல் இருக்க முடியாது. பாத்தி பாத்தியாக உவர்நீர் வெயிலில் காய்கிறது. வெண்மணற் குன்றுகளைப் போல உப்பு குவிந்து கிடக்கிறது. அந்தப் பாத்திகளின் ஓரத்திலேயே உமரிச் செடி பசுமையாகப் படர்ந்திருக்கிறது. சிறிது தூரத்தில் கழுவேலி ஏரியும், அதைச் சுற்றி நெல் வயல்களும் இருக்கின்றன. தெற்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து, ஆரோவில்லின் செம்மண் மேடு வந்துவிடுகிறது. உப்பும் பசுமையும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. மண்ணிலுள்ள நீரைக் குடித்தே பிழைக்க வேண்டிய செடி, அந்த நீரில் கரைந்துள்ள உப்பை என்ன செய்கிறது?

உப்பு செடிக்கு இரு வகையில் பகை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். உவர் மண்ணும் வேரைச் சுற்றி நின்று அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. நீரிருந்தும் செடிக்குத் தாகம் தீர்வதில்லை. இது முதல் துன்பம். உப்பிலுள்ள சோடியம் நீருடன் ஏறி இலையில் தங்கி, இலையைக் கருகச் செய்வது இரண்டாவது.

உமரி அந்த உப்பைத் தன் தடித்த இலைகளுக்குள் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்கிறது. நெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது பெரும்பாலும் வாசலிலேயே உப்பைத் தடுக்க வேண்டும். அந்த வாசல் வேருக்குள் இருக்கிறது.

மெல்லிய வேர் ஒன்றைக் குறுக்காகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நடுவில் நீர்க்குழாய்களும் அவற்றைச் சுற்றி வளையமாக ஒரு வரிசை உயிரணுக்களும் தெரியும். இதற்கு அகத்தோல் என்று பெயர். இந்த உயிரணுக்களுக்கு இடையேயுள்ள சந்துகளை ஒரு கடினமான பட்டை அடைத்திருப்பதை 1865-ல் காஸ்பரி என்ற ஜெர்மானிய சாஸ்திரி விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சந்து அடைபட்டதால், உள்ளே போக விரும்பும் எதுவும் உயிரணுவின் வழியாகவே சோதனைக்கு உட்பட்டுப் போக வேண்டியதாகிறது. பிறகு அந்த உயிரணுவைச் சுற்றிலும் மெழுகு போன்ற மற்றொரு பூச்சு படிகிறது. அதுதான் சுபெரின்.

சுபெரின் நமக்குப் புதிய பொருள் அன்று. புட்டிகளை மூடும் தக்கையில் இருப்பது அதுவே. உருளைக்கிழங்கின் தோலிலும் அது உண்டு. கிழங்கு வெட்டுப்பட்டால் காயத்தின் மேல் புதிதாக உண்டாகி அதை மூடிவிடுகிறது. கொழுப்பு இனத்தைச் சேர்ந்ததாகையால் நீரும் உப்பும் அதை எளிதில் ஊடுருவ முடியாது.

அப்படியானால் வேர் முழுவதையும் தக்கையால் மூடிவிட்டால் போகிறது என்று தோன்றலாம். ஆனால் உப்புக்கு அடைத்த கதவு நீருக்கும் உணவுக்கும் இடைஞ்சலாகும். ஆகவே வேரின் இளம் நுனிப் பகுதியில் இந்தப் பூச்சு இல்லை. முதிர்ந்த பகுதியிலும் சில உயிரணுக்கள் பூச்சில்லாமல், கோட்டை மதிலில் வைத்த திட்டிவாசல்போல் நிற்கின்றன. இன்னும் ஓர் ஆச்சரியம்: ஸ்விட்ஜர்லாந்தின் லோஸான் சர்வகலாசாலையில் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் செய்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. உப்பு மிகுந்தால் அந்த வேர் சுபெரினைக் கூட்டிக்கொள்கிறது. இரும்புச் சத்தோ துத்தநாகமோ குறைந்தால் பூச்சைக் குறைத்துக்கொண்டு வழிவிடுகிறது. குறைக்கும்படி உத்தரவிடுவது எதிலீன். வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான்.

நெல்லின் விஷயம் நமக்கு இன்னும் நெருங்கியது. கேரளத்துக் கடலோரக் காயல் நிலங்களில் பொக்காளி என்ற நெல்லை நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகிறார்கள். மழை உப்பைக் கழுவிய பின் மேடுகளில் விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் வளரும். இந்தப் பொக்காளியையும், தமிழ்நாட்டு உழவர்கள் நன்கறிந்த ஐ.ஆர். 20 நெல்லையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வெளிவந்தது. பொக்காளியின் வேரில் சுபெரின் மிகுதி. அதன் இலைகளுக்கு ஏறிய சோடியம் குறைவு. 2011-ல் வந்த மற்றோர் ஆராய்ச்சியில், நாற்றுகளுக்கு முதலில் சிறிது உப்பைக் காட்டிப் பழக்கினார்கள். அவை மதிலைப் பலப்படுத்திக்கொண்டு, பின்னால் வந்த கடும் உப்பைப் பழக்காத நாற்றுகளைவிட நன்றாகத் தாங்கின. பிச்சாவரத்துக் கழிமுகத்திலும் வளரும் கருங்கண்டல், தன் வேரை நாடும் உப்பில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெளியிலேயே நிறுத்திவிடுகிறதென்றும் கண்டிருக்கிறார்கள்.

உப்பைத் தாங்குவதற்கு மதில் ஒன்றே காரணமன்று; வேறு உபாயங்களும் செடிக்கு உண்டு. எந்த மதிலுக்கும் ஓர் எல்லையும் உண்டு. கடற்கரையில் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால், அந்த இடத்தைப் பிடிக்கக் கடல்நீர் உள்ளே வருகிறது. நாளுக்கு நாள் ஏறும் உப்பின் முன் நெல் வேர் எத்தனை காலம் நிற்கும்?

ஆகையால் வேருக்கு நாம் செய்யக்கூடிய உதவி இரண்டு. ஒன்று, மழை நீரை மண்ணில் நிறுத்துவது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, மழை அரித்துச் சென்ற வெறும் மேடாக இருந்தது அந்தப் பகுதி. அங்கு வந்தவர்கள் வரப்பெடுத்து நீரைத் தேக்கினார்கள். பிறகு மரம் வைத்தார்கள். கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏரியில் நிற்கும் நன்னீர் பறவைகளுக்கு மட்டும் உதவுவதன்று. சுற்றியுள்ள கிணறுகளுக்கும் அதுவே காவல்.

இரண்டாவது, உப்பைத் தாங்கும் பழைய விதைகளைக் கைவிடாதிருப்பது. நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் குழியடிச்சான் என்ற நெல்லை உவர் நிலத்துக்கென்றே வைத்திருந்தார்கள். 2004-ல் ஆழிப்பேரலை வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றபோது அதன் அருமை மீண்டும் தெரிந்தது. விளைச்சல் குறைவென்று இத்தகைய நெல்லை ஒரு தலைமுறை விதைக்காமல் விட்டால், பத்தாயத்தில் கிடக்கும் விதை முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு எந்த ஆராய்ச்சிசாலையிலும் அதை அப்படியே திரும்பச் செய்துவிட இயலாது. கடலோரத்தில் நிலமுள்ள குடும்பங்கள் ஒரு மூலையிலாவது, ஆண்டுக்கு ஒரு போகமாவது, அதை விதைத்து வருவது நல்லது.