சரக்கா? மனுஷியா?

துறைமுகத்தில் கிரேன் இறக்கும் பெட்டிக்கும் மூட்டைக்கும் சரக்கு என்று பெயர். ராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் சொல் அது. அதே சொல்லை, ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணைப் பார்த்து டீக்கடையில் சொல்கிறோம். 'பீஸ்' என்கிறோம், 'ஐட்டம்' என்கிறோம். எல்லாம் கிடங்குக் கணக்கில் எழுதுகிற சொற்கள்! விற்கிறவன் பாஷை உழைக்கிறவன் வாய்க்கு எப்படி வந்தது?

சினிமாவின் இரட்டை அர்த்த வசனத்திற்கு இதில் பெரும் பங்குண்டு. சென்சாருக்கும் தப்பும், வசூலும் ஆகும். ஆனால் உடனே, "அந்நிய நாட்டு ஆபாசம் புகுந்துவிட்டது, நம் பண்பாடு போயிற்று" என்று கூச்சலிடுகிறார்களே, அந்தப் பண்பாட்டுக் காவலர்களுக்கு அந்நிய நாட்டுக் கதையையே சொல்லுகிறோம்.

1948-ல் டோக்கியோவில் தோஹோ சினிமா ஸ்டூடியோ தொழிலாளர்கள், ஆட்குறைப்பை எதிர்த்து ஸ்டூடியோவிலேயே அமர்ந்து போராடினார்கள். அவர்களை வெளியேற்ற போலீஸ் மட்டும் வரவில்லை. அமெரிக்க ராணுவத்தின் டாங்கிகளும் வந்தன! 1971-ல் நிக்காட்சு என்ற பழைய கம்பெனி, டெலிவிஷன் போட்டியில் நஷ்டப்பட்டுக் காமப் படத்திற்கு மாறியது. பத்து நிமிஷத்திற்கு ஒரு படுக்கைக் காட்சி இருந்தால் போதும், கதை எதுவானாலும் சரி என்பது ஏற்பாடு. (நல்ல கலைஞர்களும் அதில் வேலை செய்தார்கள். வயிறு இருக்கிறதே!) 'ரோமன் போர்னோ' என்று நவீனத்தின் பெயரை முன்னால் ஒட்டி 1988 வரை விற்றார்கள். வழக்கும் வந்தது, விடுதலையும் ஆனார்கள். ஜப்பானியப் பண்பாடா இதைச் செய்தது? நஷ்டக் கணக்கு செய்தது.

இங்கே நடந்தது இன்னும் அநியாயம். காமப் படத்திற்கு 'மலையாளப் படம்' என்று பெயர் சூட்டினார்கள். ஒரு ஜனத்தின் தாய்மொழி கெட்ட வார்த்தையாயிற்று! மீனவர் வாழ்வைச் சொல்லி ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்ற 'செம்மீன்' (1965) அந்த மொழிப் படந்தானே? காசிமேட்டுக்காரன் அந்தப் பெயரைக் கேட்டுக் கண்சிமிட்டலாமா? லாபம் எடுத்தவனுக்கும் கொட்டகைக்காரனுக்கும். அவப்பெயர் நடித்த பெண்ணுக்கு. பழி மலையாளிக்கு.

நடவு வயலின் வரப்பில் நின்று மிராசுதார் ஜாடைப் பேச்சுப் பேசியபோது நம் தாய்மார்கள் குனிந்த தலை நிமிராமல் பல்லைக் கடித்தார்கள். அந்த ஜாடையைத்தான் நாம் டீக்கடை பெஞ்சில் பேசுகிறோம். சங்கக் கூட்டத்திற்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று குறைப்படுகிறோமே, தோழர்களே, கூட்டம் நடக்கும் வாசலில் நாம் என்ன பேசிக்கொண்டு நிற்கிறோம்?