ஓனோ படிச்சாரு... நீங்க படிச்சீங்களா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன்னு யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. பக்கத்து இலைக்காரர் ஆரம்பிச்சார். "அட, அது நம்ம தமிழ்ல இருந்து போனதுதானே சார்? மூணு மாசம் போதும். தமிழனுக்கு அதெல்லாம் ஜுஜுபி!"

பாயசம் புரை ஏறிடுச்சு மக்களே. ஏன்னா இதே வசனத்தைப் பேசிக்கிட்டு வகுப்புல சேர்ந்தவன்தான் நானும். அஞ்சே மாசத்துல ஓடி வந்தேன். இப்போ ரெண்டாவது இன்னிங்ஸ்.

அவர் சொன்னதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, மறுக்கலை. 'வாதாஷி வா கக்கோ நி இகிமாஸ்'. அதாவது 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. வினை கடைசியில வருது. நம்ம 'கு' மாதிரி 'நி' பெயருக்குப் பின்னாடி ஒட்டுது. ஆங்கிலேயன் முழிக்கிற இடத்தை நாம சுலபமா தாண்டிடலாம்.

ஆனா அந்த சொகுசெல்லாம் ஆரம்பத்தோட சரி. ஹிராகானா 46, கதாகானா 46. அப்புறம் காஞ்சி, அன்றாடப் பயன்பாட்டுக்குன்னு அந்த ஊர் அரசு போட்ட பட்டியல்ல மட்டும், 2010 திருத்தப்படி, 2,136. பென்சிலை எண்ணினா இப்போன், நிஹோன், சாம்போன். காகிதத்தை எண்ணினா இச்சிமாய், நிமாய். இதுக்கெல்லாம் தொல்காப்பியர் வந்து கை கொடுக்க மாட்டார்.

உடனே சுசுமு ஓனோ பேரை இழுப்பாங்க. அவர் சொன்ன தமிழ்-ஜப்பானிய உறவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலைங்கிறதை விடுங்க. அவர் பழைய ஜப்பானிய மொழியைக் கரைச்சுக் குடிச்ச ஆசாமி. 1919ல பிறந்தவர், 1980ல தமிழ்-ஜப்பானிய ஒலி ஒற்றுமை பற்றி நூல் போட்டார். அறுபது வயசுல ஒரு மனுஷன் நம்ம மொழியோட மல்லுக்கட்டியிருக்கார். நாம அவர் முடிவை மட்டும் எடுத்துக்கிட்டோம், உழைப்பை விட்டுட்டோம். முப்பது வயசுல "இனிமே மண்டையில ஏறாது"ன்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிங்கப்பா.

அடுத்த சாக்கு, "எனக்கு மொழி வராதுங்க, அது ஒரு வரம்". வரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் கதையைச் சொல்றேன். வாரம் முழுக்க புத்தகத்தைத் தொட மாட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் மூச்சுப் பிடிச்சுப் படிப்பேன். புதன்கிழமை பாதி காலி. மறுபடி ஞாயிறு, மறுபடி முதல்ல இருந்து. எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, தன் மறதியைத் தானே அளந்து, 1885லயே எழுதி வச்சுட்டார். படிச்சது ஆரம்பத்துலதான் வேகமா மறக்கும். ஒரே மூச்சுல உருப்போடுறதை விட நாள் நாளா பிரிச்சுப் படிச்சா நிக்கும். 1885ங்க!

எங்க வகுப்புல ரெண்டு குழந்தைக்கு அம்மா ஒருத்தங்க. சமையலறைச் சுவர் முழுக்கக் காஞ்சி அட்டை. குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள பத்து அட்டை. தப்பினது நாளைக்கு மறுபடி வரும், சரியானது நாலு நாள் கழிச்சு. தினமும் அரை மணி தாண்டாது. அவங்க என்4 பாஸ். வகுப்புல 'தமிழும் ஜப்பானியமும்'னு லெக்சர் அடிச்ச நான் ஃபெயில். பெருமை பேசுற வாய்க்குத் தேர்வுல மார்க் கிடையாது சாமி.

தமிழ் மூத்த மொழின்னு பேசுங்க, நானும் கை தட்டுறேன். ஆனா அந்தப் பெருமை நம்ம பாட்டன் சொத்து. இன்னொரு மொழியில நாலு வார்த்தை பேசணும்னா அது அவனவன் கைக்காசு. தினம் அரை மணி எடுத்து வைக்க மனசில்லைன்னா "நேரம் ஒதுக்கலை"ன்னு நேர்மையா சொல்லிடுங்க. மொழி மேலயும் மூளை மேலயும் பழி போடாதீங்க.

டிஸ்கி: டிசம்பர்ல மறுபடி என்4 எழுதுறேன். இந்தத் தடவை எங்க வீட்டு சமையலறைச் சுவத்துலயும் அட்டை இருக்கு. தங்கமணி முறைக்கிறாங்க :-)