இதுக்குப் பேர் கப்பா?

திருப்போரூரில் சாயங்காலம் டர்ஃபை வாடகைக்கு எடுத்து கால்பந்து ஆடும் பசங்களிடம் எஃப்ஏ கப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பேசுவார்கள். நம்ம ஊர் சூப்பர் கப்பை யார் ஜெயித்தது என்று கேட்டால் முழிப்பார்கள். தப்பு பசங்க மேல் இல்லை, கப் நடத்துகிறவர்கள் மேல்.

முன்னாடி ஃபெடரேஷன் கப் என்று ஒன்று இருந்தது. 1977ல் ஆரம்பம். 1978 ஃபைனல் நம்ம கோயமுத்தூரில்தான் நடந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோல் அடிக்காமல் டிரா செய்து கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன. 1997ல் அதே இரண்டு அணிகளின் அரையிறுதிக்கு கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் கூடினார்கள். 2017ல் அதை மூட்டை கட்டிவிட்டு, 2018ல் சூப்பர் கப் கொண்டு வந்தார்கள்.

2025 டிசம்பர் வரை ஆறு முறை நடந்திருக்கிறது. நாலு முறை புவனேஸ்வர், ஒரு முறை கேரளா, ஒரு முறை கோவா. தமிழ்நாட்டுக்கு? பெரிய முட்டை.

2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியில் இருந்த நாலு அணிகளில் இரண்டு நம்முடையவை: சென்னையின் எஃப்சி, அந்த வருஷ ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அப்படி ஒரு வாரம் அமைவது லேசில் இல்லை. ஆனால் எல்லாமே புவனேஸ்வரில். சென்னை சிட்டி அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது, சென்னையின் ஃபைனலில் அதே கோவாவிடம் 2-1 என்று தோற்றது. நேரு ஸ்டேடியத்துக்கு பஸ் ஏறிப் போயிருக்கக்கூடிய ரசிகன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். போதாக்குறைக்கு ஐ-லீக் கிளப்கள் பல விலகிக்கொண்டதில் பல மேட்ச்கள் வாக்ஓவர் வேறு.

ஒரே ஊரில் நடத்தினால் செலவு குறைவு என்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. வரவுப் பக்கத்தை யார் எழுதுவது? தன் ஊர் அணி ஆடாத ஸ்டேடியத்தில் டிக்கெட் யார் வாங்குவார்கள்? 2025 ஏப்ரலில் சென்னையின் அணி அவ்வளவு தூரம் போய், மும்பை சிட்டியிடம் 0-4 என்று தோற்று, ஒரே மேட்ச்சோடு திரும்பியது. உள்ளூர் ரசிகனுக்கு அதில் என்ன கிடைத்தது?

பரிசு சின்னது என்றும் சொல்ல முடியாது. அதே 2025 கப்பை கோவா நாலே மேட்ச்சில் ஜெயித்தது. அதனால் ஆசிய கிளப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. அதையும் ஜெயிக்க, அக்டோபரில் சவுதியின் அல் நாசர் ஃபதோர்தா மைதானத்துக்கே வந்து ஆடியது. நாலு மேட்ச்சில் இவ்வளவு தரும் போட்டியில் 16 அணிகளுக்கு மட்டும் இடமாம்!

பிரான்சைப் பாருங்கள். அங்கே குட்டி ஊர் அமெச்சூர் கிளப்பும் தேசியக் கோப்பையில் ஆடலாம். 2000ல் கலே என்ற அமெச்சூர் அணி ஃபைனல் வரைக்கும் போய், நாந்த் அணியிடம் 2-1 என்றுதான் தோற்றது. நாக்அவுட்டின் அழகே அதுதானே? லீக் பெரியவனுக்கு, கப் சின்னவனுக்கு.

இங்கேயும் செய்யலாம். முதல் சுற்றுகளை மாநில அளவில் வையுங்கள். சென்னை லீக் கிளப்களையும் உள்ளே விடுங்கள். குலுக்கலில் பெரிய கிளப் வந்தால், மேட்ச் சின்ன கிளப்பின் ஊரில் என்று விதி போடுங்கள். அப்புறம் திருப்போரூர் பசங்களிடம் கேட்டுப் பாருங்கள், கப்பை யார் ஜெயித்தது என்று. அதுவரைக்கும் இது கப் இல்லை, பெரிய கிளப்களின் டூர் :-)