ரெண்டாவது ஆபரேஷனுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி சாப்பாட்டுக்கு பட்ஜெட் போடுங்க

சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நடுவுல ரெண்டு மாசம் வீடியோ எதுவும் வரல. ஆடிட் வேலைன்னு சொல்லிச் சமாளிச்சேன். உண்மை என்னன்னா, எடை குறைக்க ஏற்கெனவே செஞ்ச ஆபரேஷனை மாத்தி ரெண்டாவது தடவை செஞ்சுக்கிட்டேன். ரிவிஷன் சர்ஜரின்னு சொல்வாங்க. பணக்கணக்கு பேசுற இடத்துல இது எதுக்குன்னு கேக்கலாம். உங்கள்ல சில பேர் இதை "நோ காஸ்ட் இஎம்ஐ"ல செஞ்சுக்கலாமான்னு யோசிக்கிறீங்க. என் கருத்து இதுதான்: அதுக்கப்புறம் வர்ற ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தனியா பணம் ஒதுக்காம அந்த இஎம்ஐல கையெழுத்துப் போடாதீங்க.

எனக்கு முதல்ல செஞ்சது ஸ்லீவ். இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல எடுத்துட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி விட்டுடுவாங்க. முதல் வருஷம் எடை நல்லாவே இறங்குச்சு. அப்புறம் நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வரும். ஸ்லீவ் செஞ்சவங்க பைபாஸுக்கு மாறுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு பிரச்சினை, சேவு.

நான் சாத்தூர்க்காரன். ஊருக்குப் போனா அரை கிலோ காராச்சேவு இல்லாம பஸ் ஏறினதில்ல. சின்ன வயித்துக்கு ரெண்டு முட்டை போனாலே அடைக்கும். சேவு அடைக்காது. மென்னா கரைஞ்சு இறங்கிடும், பத்து நிமிஷத்துல அடுத்த கைப்பிடிக்கு இடம் வந்துடும். லேப்டாப் பக்கத்துல வச்சுக்கிட்டா 200 கிராம் போனதே தெரியாது. அது ஆயிரம் கலோரிக்கு மேல. போன எடையில பாதி இப்படித்தான் திரும்பி வந்துச்சு. டயட்டீஷியனை மூணாவது மாசமே நிறுத்தியிருந்தேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய், வெட்டிச் செலவுன்னு நினைச்சேன். சிஏ மூளை!

சிவகாசியில பிரஸ் வச்சிருக்கிறவங்களுக்கு லோன் புராஜெக்ட் ரிப்போர்ட் போடும்போது ஆஃப்செட் மெஷின் விலையோட நிறுத்த மாட்டோம். இங்க், பிளேட், மெக்கானிக் எல்லாம் அதுல வரும். என் வயித்துக்கு மட்டும் மெஷின் விலையை எழுதிட்டுக் கணக்கை மூடிட்டேன்.

இப்ப இன்ஷூரன்ஸ். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஐஆர்டிஏஐ 2019-ல கொண்டுவந்த பொது விதிப்படி, எடைக்கான ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடைக்கணும்னா பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல இருக்கணும். இல்லன்னா 35-ஓட கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஏப்னியா, இதய நோய் மாதிரி ஏதாவது இருந்து, மத்த சிகிச்சைகள் பலிக்காம போயிருக்கணும். ஆனா டாக்டர்களோட 2022 சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5-லேயே இதைப் பரிசீலிக்கலாம்னு சொல்லுது. டாக்டர் வேணும்பார், கம்பெனி வேண்டாம்பாங்க. ரிவிஷன்ல இன்னும் சிக்கல், ஏன்னா முதல் ஆபரேஷன்லேயே பிஎம்ஐ கொஞ்சம் குறைஞ்சிருக்கும். எனக்கு அப்போ 34. கேஷ்லெஸ் மறுத்துட்டாங்க. "இது எடைக்காக இல்ல, ரிஃப்ளக்ஸுக்கான சிகிச்சை"ன்னு டாக்டர் கொடுத்த கடிதம், எண்டோஸ்கோபி ரிப்போர்ட் ரெண்டையும் வச்சு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டிருக்கேன். நீங்க அந்தக் கடிதத்தை அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

கிடைச்சாலும், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பல பாலிசிகள்ல 60 நாள் செலவுதான் வரும். வைட்டமின் வாழ்நாள் முழுக்க. வரியிலயும் பெரிசா ஒண்ணும் இல்ல. மருத்துவக் காப்பீட்டு வரிக்கழிவு முக்கியமா பிரீமியத்துக்குத்தான், அதுவும் பழைய வரிமுறையில மட்டும். உங்க ஆபரேஷன் பில்லுக்குப் பொதுவா எதுவும் கிடையாது.

சாப்பாடு பழகுறதுதான் நிஜமான வேலை. முதல்ல வடிகட்டின சூப், நீர்மோர். அப்புறம் கூழ் பதம், அப்புறம் மசிச்சது. சோத்துப் பக்கம் வர ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன் வேணும். ஒரு முட்டையில 6 கிராம்தான், அதனால பவுடர் இல்லாம முடியல. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணி கிடையாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி. போன்ல எனக்கு ஏழு அலாரம். தலைவலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாதிரி மாத்திரைகளை டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது, பைபாஸ் செஞ்சவங்களுக்குப் புண் வரும்.

ஓய்வுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பெரியம்மா கருப்பட்டி மிட்டாய் நீட்டினாங்க. "ஒண்ணே ஒண்ணு தம்பி, என்ன செஞ்சிடப் போகுது?" தின்னுட்டேன். இருபது நிமிஷத்துல வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிக்க, திண்ணையிலயே சாஞ்சுட்டேன். இனிப்பு குடலுக்குள்ள வேகமா இறங்குறதால வர்றது, டம்ப்பிங்னு பேர். பாவம், அவங்க பயந்துட்டாங்க. மறுநாள்ல இருந்து மீனை முள்ளெடுத்து மசிச்சு, டீஸ்பூனோட அவங்களே கொண்டுவந்து வச்சாங்க. சென்னையில அப்படி ஆள் இல்ல. அதுக்குத்தான் பணம் கொடுக்கிறேன்.

பவுடர், வைட்டமின், டயட்டீஷியன், மூணு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை: என் எக்செல்ல மாசம் சராசரியா 6,200 ரூபாய். 40,000 சம்பளத்துல இது ஆறுல ஒரு பங்குக்குப் பக்கம், இஎம்ஐ போக. அதைத் தாங்க முடியலன்னா ஆபரேஷனை ஆறு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ஆறு மாசமும் டயட்டீஷியன்கிட்ட போங்க, 6,200-ஐ ஆர்டி-ல போட்டுட்டு வாங்க.

என் க்ளெய்ம் இன்னும் நிலுவையிலதான் இருக்கு. மறுத்தா சென்னையிலயே இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு, கட்டணம் இல்ல. என்ன ஆச்சுன்னு அடுத்த வீடியோல சொல்றேன்.